தென்கச்சியும் தென்காசியும்

விக்கிப்பீடியாவில் நான் செய்த முதல் திருத்தமே தப்பு. தென்கச்சி கோ. சுவாமிநாதன் பற்றிய கட்டுரையை ஒரு ராத்திரி திறந்தேன். ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று முடிவு கட்டினேன். 'தென்கச்சி'யைத் 'தென்காசி' ஆக்கினேன். பிறந்த மாவட்டத்தையும் திருநெல்வேலி என்று மாற்றிச் சேமித்தேன். ஊருக்கு ஏதோ நல்லது செய்த நிறைவோடு தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பழையபடி தென்கச்சி. மீளமைத்தவர் திட்டவெல்லாம் இல்லை. 'சான்று உண்டா?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அது சான்று கேட்கிற சமாச்சாரமே இல்லை. எங்களுக்கு அம்பாசமுத்திரம். காலையில் வானொலியில் 'இன்று ஒரு தகவல்' தொடங்கியதும் ஆச்சி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து வாசற்படியில் நிற்பாள். அவசரமே இல்லாத குரல். ஒரு கதை சொல்வார், நாங்கள் சிரிப்போம், அவர் சிரிக்க மாட்டார். "நம்ம தென்காசிக்காரருல்லா, பேச்சுலயே தெரியுது பாத்தியா" என்பார் தாத்தா. 1988இல் சென்னை வானொலியில் தொடங்கிய நிகழ்ச்சி அது. 2002இல் அவர் பணி ஓய்வு பெறும்வரை ஓடியது. கடைசி வருஷம் எனக்கு எட்டு வயசு. தாத்தா சொன்னதைச் சந்தேகப்படுகிற வயசில்லை.

சரி, சான்று தேடுவோம் என்று உட்கார்ந்தேன். கிடைத்ததெல்லாம் எனக்கு எதிராகவே இருந்தது. அவர் பிறந்தது தென்கச்சிப்பெருமாள்நத்தம். கொள்ளிடத்துக்கு வடக்கே, ஜெயங்கொண்டம் பக்கம். எங்கள் ஊரிலிருந்து ஒரு முழுநாள் பயணம். காஞ்சிக்குப் பழைய பெயர் கச்சி. வடக்கே ஒரு கச்சி இருக்க, தெற்கே ஒன்று தென்கச்சி. வடக்கே ஒரு காசி இருக்க, பாண்டியர்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் விசுவநாதருக்குக் கோயில் எழுப்பிய ஊர் தென்காசி. இரண்டு பெயரும் ஒரே மாதிரி ஆசையில் பிறந்தவை. நடுவில் ஒரு காலும் ஒரு 'ச்'சும்தான் வித்தியாசம். காதால் மட்டும் கேட்டவர்கள் அந்தக் காலைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

மாவட்டம் இன்னொரு வேடிக்கை. அவர் பிறந்தபோது அந்த ஊர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனியானது, அடுத்த வருஷமே திரும்பச் சேர்க்கப்பட்டது, 2007இல் மறுபடி தனியானது. 2009 செப்டம்பர் 16ஆம் தேதி அவர் இறந்தபோது அது அரியலூர் மாவட்டம். ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. நான் எழுதியது சரியாகவே இருந்திருந்தாலும் நிலைத்திருக்காது. 2019இல் தென்காசியே திருநெல்வேலியை விட்டுத் தனி மாவட்டமாகிவிட்டது. வாழ்க்கை வரலாற்றில் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தை நிரப்புவது சுலபம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களின் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

தோற்ற பிறகுதான் அவர் வாழ்க்கையை ஒழுங்காகப் படித்தேன். முதல்முறை என் கண்ணில் படாத ஒரு வரி அப்போது பட்டது. வேளாண்மைப் பட்டதாரி, வேளாண் துறையில் அலுவலர், 1977இல் திருநெல்வேலி வானொலியில் பண்ணை ஒலிபரப்புப் பிரிவு. அடப்பாவி என்று இருந்தது. ஊர் பொய், உறவு நிஜம். எண்பதுகளில் சென்னைக்கு மாற்றலாகிற வரைக்கும் மனிதர் எங்கள் பக்கத்தில், பாளையங்கோட்டையில்தான் வேலை பார்த்திருக்கிறார்.

பண்ணை ஒலிபரப்பு அன்று சின்ன விஷயம் இல்லை. அறுபதுகளின் நடுவில், உணவுப் பஞ்சம் பயமுறுத்திய காலத்தில், அகில இந்திய வானொலி நிலையங்களில் 'பண்ணை இல்ல' பிரிவுகள் தொடங்கப்பட்டன. ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் சொன்னது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். அம்பாசமுத்திரத்திலேயே நெல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஆராய்ச்சி நிலையத்தின் பாஷையை வயல்காட்டுப் பாஷைக்கு மாற்றித் தருவதுதான் பண்ணைப் பிரிவின் வேலை. எதிரே ஆளைப் பார்க்காமல் பேச வேண்டும். கேட்பவர் எழுதிக்கொள்ள மாட்டார், திருப்பிக் கேட்க முடியாது. மெதுவாக, கதை மாதிரி, கடைசியில் ஒரு விஷயம் மனசில் நிற்கிறாற்போலச் சொன்னால்தான் உண்டு. பின்னாளில் 'இன்று ஒரு தகவல்' பேசிய விதத்தை யோசித்துப் பார்த்தால், அந்தப் பழக்கம் எங்கே வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோன்றுகிறது என்பதைக் கலைக்களஞ்சியத்தில் போட முடியாது. 'சொந்த ஆய்வு' என்று எடுத்துவிடுவார்கள், எடுக்கவும் வேண்டும். 'இன்று ஒரு தகவல்' புத்தகங்களாக வந்ததால் சென்னை சுவாமிநாதனுக்கு அச்சில் சாட்சி இருக்கிறது. சன் டிவியில் வந்ததால் முகத்துக்கும் சாட்சி இருக்கிறது. திருநெல்வேலி சுவாமிநாதனுக்குக் காற்றும் களத்துமேடும்தான். அவர் பேச்சை ஒரு ஜில்லா முழுக்கக் கேட்டிருக்கலாம். 'மேற்கோள் தேவை' என்ற குறிப்புக்கு எதிரே அது நிற்காது. எங்கள் தாத்தா இந்த விதியை 'அநியாயம்' என்றிருப்பார். ஆனால் விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் முதல் திருத்தமே உதாரணம். ஒரு குடும்பமே வருஷக்கணக்கில் உறுதியாக நம்பிய செய்தி அது.

அப்புறம் உரையாடல் பக்கத்தில் தப்பை ஒப்புக்கொண்டு இரண்டு வரி எழுதினேன். பழைய திருத்தத்தை அழிக்க முடியாது. 'வரலாறு' பகுதியில் என் பெயர், தேதி, நேரத்தோடு அது அப்படியே இருக்கும். இருக்கட்டும்.

போன வாரம் ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் சொன்னேன். தாத்தா போய்ப் பல வருஷமாயிற்று, அவரிடம் சொல்ல முடியவில்லை. "ஆச்சி, அவரு தென்காசி இல்லையாம். அங்கன ஜெயங்கொண்டம் பக்கமாம். ஆனா நம்ம திருநெல்வேலி ரேடியோவுல வேலை பாத்திருக்காரு."

ஆச்சி முறத்தைக் கீழே வைக்கவில்லை. "அப்பவே உங்க தாத்தா சொல்லுவாவ, இந்தக் குரலு நாத்துப் பாவையில கேட்ட குரலுன்னு. நாந்தான் தென்காசின்னு நெனச்சிக்கிட்டேன்."

தாத்தாவா, ஆச்சியா, யார் முதலில் தென்காசி என்றது? இத்தனை நாள் தாத்தாதான் என்று சத்தியம் செய்திருப்பேன். செல்போனை எடுத்து ஒலிப்பதிவை அழுத்தி, "திரும்பச் சொல்லு ஆச்சி" என்றேன். "போலே, வேற சோலியில்ல" என்று புடைக்க ஆரம்பித்துவிட்டாள். முறத்தின் சத்தம் மட்டும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது.