சிறுகமத்தில் இளவேனில்: பண்டைக் கிரேக்கத்தின் ஒரு காட்சி

இளவேனில் என்றதும் மலரும் தென்றலுமே பலர் நினைவிற்கு வரும். சிறு நிலமொன்றை நம்பி வாழ்ந்த பண்டைக் கிரேக்க உழவனுக்கோ, அது களஞ்சியம் வற்றிவரும் காலம். அடுத்த விளைவிற்கு அடிகோலும் காலமும் அதுவே. பருவத்தின் வரவைத் தவறாது அறிதல் அவன் வாழ்விற்கே காப்பாயிற்று.

இதனை நமக்குக் காட்டுபவர் ஹெசியட் என்னும் புலவர். கி. மு. 700ஆம் ஆண்டளவில், நடுக் கிரேக்கத்துப் பொயோசியாவில், ஹெலிக்கன் மலையடிவாரத்து அஸ்கிரா என்னும் சிற்றூரில் அவர் வாழ்ந்தார். அவருடைய தந்தையார் வறுமை காரணமாகச் சின்னாசியாவின் கைமி நகரை விட்டுக் கடல் கடந்து வந்தவர். தந்தையின் நிலத்தைப் பங்கிட்டபோது, உடன்பிறந்தானாகிய பேர்சிஸ் ஊர்த்தலைவர்க்குக் கையூட்டளித்து மிகுதியைக் கவர்ந்தான் என்பது ஹெசியடின் முறைப்பாடு. அவனுக்கு அறிவுரையாக அமைந்ததே ‘வேலைகளும் நாட்களும்’ என்னும் செய்யுள் நூல். இப்பிணக்கைப் புலவரின் புனைவெனக் கொள்வாரும் உளர். ஆயினும், நூலிலுள்ள கமத்தொழிற் செய்திகள் அக்கால வாழ்வை அறிய உதவும் அரிய சான்றுகளாம்.

ஞாயிறு தென்னெல்லையினின்று திரும்பி 60 நாட்கள் கழிந்தபின், மாலை மங்கும் வேளையிற் சுவாதி மீன் கடலினின்று எழும். அதன் பின்னர்த் தகைவிலான் குருவி வந்து இளவேனிலை அறிவிக்கும். அக்குருவி வருமுன்னரே முந்திரிகைக் கொடிகளைக் கத்தரித்துவிடல் வேண்டும். முன்பனிக் காலத்தில் விதைக்கத் தவறியவனுக்கும் ஒரு வழியுண்டு: குயில் முதன்முதற் கூவியபின் மூன்றாம் நாள் தொடங்கி நன்மழை பெய்யுமாயின், பிந்தி உழுதவனும் முந்தி உழுதவனுக்கு நிகராவான். நத்தை வெயிலுக்கு அஞ்சிச் செடிகளில் ஏறத் தொடங்கின், கொடிகளைக் கொத்துங் காலம் முடிந்தது. அரிவாளைத் தீட்டுங் காலம் வந்தது. கார்த்திகை மீன்கள் விடியலில் மீண்டும் தோன்றும் மே மாதமே அறுவடைக்குரியது.

நாட்காட்டி இருக்கவும் உழவன் வானையும் பறவையையும் நோக்கியது ஏன்? கிரேக்க நகரங்கள் திங்களை அடிப்படையாகக் கொண்டே மாதங்களை வகுத்தன. 12 திங்கள் மாதங்கள் 354 நாட்களேயாதலின், ஞாயிற்றாண்டிற்கு ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தன. இடையிடையே ஒரு மாதத்தை மிகுத்து இதனைச் சரிப்படுத்தினர். அம்முறையும் நகருக்கு நகர் வேறுபட்டது. 19 ஆண்டுச் சுழற்சியை மெற்றன் அதென்சில் வெளியிட்டது கி. மு. 432இலேயாம். ஆகவே, மாதப் பெயரை நம்பி விதைத்தவன் பருவம் தப்பவுங்கூடும். விண்மீனை நம்பியவனுக்கு அவ்விடர் இல்லை.

பருவந் தப்பியவனின் நிலை யாது? அயலார் இருமுறையோ மும்முறையோ உதவுவர். அதன்மேற் கேட்பவன் வெறுங்கையுடன் திரும்புவான் என ஹெசியட் எச்சரிக்கின்றார். அது வெற்றெச்சரிக்கையன்று. அயல்நாடாகிய அத்திக்காவிற் கடன்பட்ட உழவர் பலர் அடிமைகளாயினர். சிலர் வெளிநாடுகளிலும் விற்கப்பட்டனர். கி. மு. 594இல் ஆட்சித்தலைவராகிய சோலன், உடலையே ஈடாக வைத்துக் கடன் பெறும் வழக்கத்தை ஒழிக்க நேர்ந்தது.

சட்டத்தின் காவல் இல்லாத காலத்தில் அஸ்கிராவின் சிறுகமக்காரனுக்கு இருந்த காவல், காலத்தே செய்யும் உழைப்பொன்றே. அவன் தகைவிலானின் வரவை எதிர்நோக்கியது அதன் அழகிற்காக மட்டுமன்று. தன் நிலமும் உரிமையும் தன்னிடமே நிலைத்திருத்தற்காகவுமாம்.