கீனோ: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

கேசினோவில் ஆடக்கூடாத ஆட்டம் எது என்று கணக்குத் தெரிந்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் கீனோவைச் சொல்வார்கள். 80 எண்களில் சிலவற்றைச் சீட்டில் குறிக்க வேண்டும். கேசினோ 20 எண்களைக் குலுக்கி எடுக்கும். குறித்தவை வந்தால் பரிசு. ஆட்டம் இவ்வளவுதான்.

பிறந்த இடம் சீனா. பெருஞ்சுவர் கட்டப் பணம் திரட்ட, 2,000 வருடங்களுக்கு முன் சாங் லியாங் என்பவர் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. நம்ப வேண்டாம்! பழைய சீட்டுகளில் எண்களுக்குப் பதிலாக இருந்தவை 'ஆயிரம் எழுத்து' என்ற சீனப் பாடநூலின் முதல் 80 எழுத்துகள். அந்த நூலே கி.பி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தென்சீனாவில் இதற்கு 'வெள்ளைப் புறா சீட்டு' என்று பெயர். ரயில் பாதை போடவும் தங்கம் தோண்டவும் அமெரிக்கா போன சீனத் தொழிலாளர்கள் இதையும் கூடவே கொண்டு போனார்கள்.

நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தை அனுமதித்தது. ஆனால் லாட்டரிக்குத் தடை. 1936-இல் ரீனோ நகரின் பேலஸ் கிளப் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குதிரையின் பெயரை வைத்து 'ரேஸ் ஹார்ஸ் கீனோ' ஆக்கியது. இது லாட்டரி இல்லையாம், குதிரைப் பந்தயமாம்! 1951-இல் மைதானத்துக்கு வெளியே குதிரைகள் மேல் கட்டும் பணத்துக்கு மத்திய அரசு வரி போட்டதும் குதிரைகள் மாயமாயின.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஆட்டத்துக்குக் கட்டும் பணம், மணிக்கு எத்தனை ஆட்டம், கேசினோவின் பங்கு எத்தனை சதவீதம், இந்த மூன்றையும் பெருக்கினால் ஒரு மணி நேரச் செலவு. (சராசரிதான். ஒரு நாள் ஜெயிக்கலாம், ஒரு நாள் எல்லாம் போகலாம்.)

ஒரே ஒரு எண்ணைக் குறித்தால் அது வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு டாலருக்கு 3 டாலர் பரிசு என்றால், 4 ஆட்டத்துக்கு 4 டாலர் கட்டி 3 டாலர் திரும்பும். கேசினோவின் பங்கு 25%. இரண்டு பூஜ்யம் உள்ள ரூலெட்டில் இது 5.26% மட்டுமே!

ஆனால் பழைய கீனோ அறையில் ஊழியர்கள் தூரிகையும் மையும் வைத்துச் சீட்டுக்குப் பிரதி எழுதினார்கள். எல்லாச் சீட்டும் வாங்கி, குலுக்கி, பரிசு கொடுத்து முடிப்பதற்குள் ஐந்தாறு நிமிடம் ஓடிவிடும். மணிக்கு 10 ஆட்டம் என்று வைத்தால் 10 டாலர் கட்டி 2.50 டாலர் நஷ்டம். இலவசமாகக் கிடைக்கும் பானமே அதைவிட அதிகம் பெறும்.

பிறகு வீடியோ கீனோ வந்தது. இயந்திரத்தின் பங்கு 8% என்று வைப்போம். பந்தயமும் கால் டாலர்தான். பார்த்தால் மலிவு. ஆனால் பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் முடிவு. மணிக்கு 600 ஆட்டம் என்றால் கட்டுவது 150 டாலர், போவது 12 டாலர். மளிகைக் கடைக்காரரின் 'கம்மி லாபம், நிறைய விற்பனை' கணக்கேதான் இது!

அதே இயந்திரத்தில் பழைய அறையின் வேகத்தில், மணிக்கு 10 தடவை மட்டும் அழுத்தினால் செலவு 20 சென்ட். அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்த யாருக்குப் பொறுமை இருக்கிறது?