வானிலிருந்து கதிரியக்க வரைபடம்: தேயிலை மலைகளுக்கான பாடம்

வானூர்தியிலோ ஹெலிகாப்டரிலோ காமாக் கதிர் உணரிகளைப் பொருத்தித் தாழப் பறந்து, நிலத்தின் கதிரியக்கத்தை அளந்து வரைபடமாக்கும் முறை வான்வழிக் காமா அளவீடு எனப்படும். இம்முறையின் வரலாற்றில் நீலகிரி போன்ற தேயிலை மலைகள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

வரலாறு

யுரேனியம் தேடவே இம்முறை முதலில் வளர்ந்தது. இந்தியாவில் அணுக் கனிமங்கள் இயக்ககம் இதற்காகவே வான்வழி அளவீடுகளை மேற்கொண்டு வருகிறது. 1957 அக்டோபரில் பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பிடித்தபோது, கதிரியக்கப் படிவைக் கண்டறியவும் இம்முறை பயன்பட்டது. 1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பின் சுவீடன் தன் நிலப்பரப்பை இவ்வாறே அளந்தது. 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் நடந்த அளவீடு, படிவு உலையிலிருந்து வடமேற்கே நீண்டு கிடப்பதைக் காட்டியது. பெரும்பகுதி 30 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருந்த ஈதாத்தே கிராமமும் அப்பாதையில் இருந்தது. பின்னர் அம்மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

செயல்படும் விதம்

காமாக் கதிர் வெளியிடும் ஒவ்வொரு கதிரியக்க ஐசோடோப்பும் தனக்கே உரிய ஆற்றலில் அதை வெளியிடுகிறது. மண்ணில் இயல்பாக உள்ள பொட்டாசியம்-40 வெளியிடுவது 1,460 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். விபத்தில் வெளியேறும் சீசியம்-137-ஐக் காட்டுவது 662. இந்த வேறுபாட்டால் இயற்கைக் கதிரியக்கத்தையும் மாசையும் பிரித்தறியலாம். மாசு குறைவாக இருந்தால் பிரிப்பது கடினம்.

மலையில் உள்ள சிக்கல்

நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. இத்தகைய இடங்களில் அண்டக் கதிர்கள் மிகுதி. பள்ளத்தாக்கில் பறக்கும்போது பக்கச் சரிவுகளிலிருந்தும் கதிர்கள் உணரியை வந்தடையும். மழையில் நனைந்த மண் கதிர்களை ஓரளவு தடுத்துவிடும். எனவே மாசு நேர்வதற்கு முன்பே இயற்கை அளவைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். கூடலூர்ப் பகுதி மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றைத் தரைவழியாக அளந்த ஆய்வுகள் இவ்வகையில் பயனுள்ளவை.

வரைபடம் காட்டாதது

2011-இல் ஃபுகுஷிமாவிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஷிசுவோகாவின் உலர்ந்த தேயிலை சிலவற்றில், அன்றைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரல் என்ற அளவைத் தாண்டிச் சீசியம் இருந்தது. பழைய இலைகளில் படிந்த சீசியம் புதுக் கொழுந்துக்கு ஏறியிருந்தது. கொழுந்து உலரும்போது எடை நான்கைந்து மடங்கு குறைவதால், ஒரு கிலோவில் உள்ள சீசியத்தின் அளவும் அதே மடங்கு கூடியது. வானூர்தி காண்பது நிலப்பரப்பின் சராசரியை மட்டுமே. எங்கே தேட வேண்டும் என்பதை வரைபடம் சொல்லும். தேயிலையை விற்கலாமா என்பதை இலையைச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.