தண்ணீர் யாருக்காக? கல்லறுக்கும் எந்திரம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

கருவிகளின் வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பதெல்லாம் கருவியைக் கண்டுபிடித்தவர்களின், அதை வாங்கியவர்களின் வரலாறுதான். கருவிக்கு எதிரே உட்கார்ந்திருந்த உடலைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. கல்லறுக்கும் எந்திரம் என்ற, நம் வட்டாரத்தில் யாரும் பொருட்படுத்தாத ஒரு சாமானை முன்வைத்து இதைக் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குக் கல் பைத்தியம். காங்கேயம் பக்கம் போய்ப் படிகக் கற்களைப் பொறுக்கி வந்து, அறுத்து, மெருகேற்றி, ஒருத்தருக்கும் விற்காமல் ஜன்னலில் அடுக்கி வைப்பார். பத்து அங்குல வைர ப்ளேடு போட்ட பழைய எந்திரம் ஒன்றை அவர் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். மோட்டாரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, அதை அவரே கட்டிக்கொள்வார். தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். ப்ளேடின் விளிம்பருகே ஓர் ஆணியைப் பிடித்துக்கொண்டு, ப்ளேடை மெல்லச் சுற்றி, இடைவெளி மாறுகிறதா என்று பார்த்தார். கல்லைப் பிடிக்கும் இடுக்கி ப்ளேடுக்கு நேர் இணையாக நகர்கிறதா என்று பார்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது. அது நூலிழை விலகினாலும் அறுக்க அறுக்க ப்ளேடு தட்டு மாதிரிக் குழிந்துவிடுமாம். குழிந்ததை நிமிர்த்துவது லேசில்லை. கூடவே வந்த சாணைச் சக்கரத்தை விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிக் கேட்டார். நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்னும், ஓடும்போது வெடிக்கும்.

வாங்கிய பிறகும் பாடு தீர்வதில்லை. சிலநாள் ப்ளேடு கல்லின்மேல் வழுக்கிக்கொண்டே நிற்கும், அறுக்காது. வைரம் தேய்ந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள் புதிதாக வந்தவர்கள். வைரத்தைச் சுற்றியிருக்கும் உலோகம் அதை மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். "பொரபொரன்னு இருக்கற செங்கல்ல நாலு தடவ அறுத்தா வைரம் மறுபடி மொகம் காட்டுமுங்க" என்பார். வேலை முடிந்ததும் சாணைச் சக்கரத்தைத் தண்ணீரில் நிற்கவிடக் கூடாது. அடிப்பாதி மட்டும் தண்ணீரைக் குடித்து கனத்துப் போய், மறுநாள் சுவிட்சைப் போட்டதும் எந்திரமே உதறும்.

ஒருநாள் பம்ப் அடைத்துத் தண்ணீர் நின்றுவிட்டது. கல் பாதி அறுபட்டிருந்தது. நண்பர் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். தூசுக்குப் பயந்தா என்று கேட்டேன். "தூசு கெடக்குதுங்க. ப்ளேடு வெந்து போகுமில்ல? அது என்ன வெலன்னு தெரியுமா?" என்றார்.

இந்தப் பதிலை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லறுக்கும் தொழில்நுட்பத்தின் வரலாறு முழுக்க இந்தப் பதிலுக்குள் இருப்பதாகவே நினைக்கிறேன். தண்ணீர் மூன்று காரியம் செய்கிறது: வெட்டுமுனையைக் குளிர்விக்கிறது, அரைபட்ட சேற்றை அடித்துக்கொண்டு போகிறது, தூசு பறக்காமல் அமுக்குகிறது. முதலிரண்டும் கருவிக்கானவை. மூன்றாவது உடலுக்கானது. ஆனால் தண்ணீர் எந்திரத்துக்குள் வந்தது மூன்றாவதற்காக அல்ல.

குஜராத்தின் கம்பாத், வெள்ளைக்காரர்கள் காம்பே என்று எழுதிய துறைமுக ஊர். சூதுபவளமும் அகேட்டும் நூற்றாண்டுக் கணக்காக அங்கே மணிகளாகின்றன. கல் வருவது நர்மதைப் பக்கத்து ரத்தன்பூர்ச் சுரங்கங்களிலிருந்து. கல்லைச் சாம்பலுக்குள் புதைத்துச் சூடாக்கினால் உள்ளிருக்கும் இரும்பு சிவந்து சூதுபவளமாகும். தரையில் நட்ட இரும்பு முனையில் கல்லை வைத்து, எருமைக்கொம்புச் சுத்தியால் தட்டித் தட்டி உருவாக்குவார்கள். இரண்டு பொடி வைரத் துண்டுகள் பதித்த முனையை வில்லால் சுழற்றித் துளையிடுவார்கள். கவனியுங்கள்: துளையிடும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வைரம் இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது. மெருகுக்கு, மணிகளையும் எமரிப் பொடியையும் தண்ணீரோடு தோல் பையில் கட்டி, இரண்டு ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டுவார்கள். இன்று பொழுதுபோக்காளர்கள் வாங்கும் 'டம்ளர்' உருளை இந்தத் தோல் பைதான், மோட்டார் வைத்தது.

நமக்கும் இதில் பங்குண்டு. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊரைச் சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலோடு அடையாளப்படுத்துகிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் அங்கே தோண்டத் தொடங்கியபோது முடிந்த மணிகளோடு முடியாத மணிகளும், கழிவுச் சில்லுகளும் கிடைத்தன. அணிந்தவரைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அந்தச் சில்லுகளின் தூசு யார் நெஞ்சில் படிந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் ஓடையோரம் ஆளுயரச் செம்மணற்கல் சக்கரங்களை நீர்ச்சக்கரத்தில் பூட்டிச் சுழற்றினார்கள். தொழிலாளி உட்காரவுமில்லை, நிற்கவுமில்லை. நெஞ்சு பொருந்தும்படி குடைந்த சாய்வு மரத்தில் குப்புறப் படுத்து, கால்களைத் தரைக்கட்டையில் உதைத்து, உடம்பின் பாரத்தாலேயே கல்லைச் சக்கரத்தில் அழுத்தினான். எந்திரத்துக்கு ஏற்ப உடலை மடிப்பது என்றால் இதுதான். சக்கரம் சிலசமயம் வெடிக்கும். அங்கே சுற்றிலும் தண்ணீர், ஆனாலும் நெஞ்சுநோய் அந்தத் தொழிலாளிகளை விடவில்லை.

1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் மின் உலையில் கார்போரண்டம் என்ற சிலிக்கன் கார்பைடைத் தயாரித்தார். மணற்கல் சக்கரத்தின் ஆதிக்கம் அதோடு சரியத் தொடங்கியது. சின்னச் சக்கரம், சின்ன மோட்டார், வீட்டு மேசை. 1930-களில் ஓரிகன், கலிபோர்னியா பக்கங்களில் பாலைவனத்தில் கல் பொறுக்கி வாரக்கடைசியில் அறுப்பவர்களின் சங்கங்கள் முளைத்தன. ஜே. ஹாரி ஹோவர்டின் கையேடு 1935-இல் வந்தது, 'லாபிடரி ஜர்னல்' இதழ் 1947-இல். இடையில் நடந்த போரில் ரேடியோக்களுக்காகக் குவார்ட்ஸ் படிகத்தைப் பெருமளவில் சீவ வேண்டியிருந்தது. வைர ரம்பம் ஆலைப்பொருளாகப் பரவியது. ஜெனரல் எலக்ட்ரிக் 1954-இல் செயற்கை வைரத்தை உருவாக்கியபின், வைர ப்ளேடு நடுத்தர வர்க்கத்தின் பட்டறைக்கும் எட்டியது. மூடி, எண்ணெய்த் தொட்டி, சொட்டுநீர்க் குழாய் எல்லாமே எந்திரத்தோடு சேர்ந்து வந்தன. சும்மா சொல்லக்கூடாது, இந்தப் பொழுதுபோக்காளர்களுக்குச் சிலிக்கா தூசின் அபாயமும் சொல்லித்தரப்படுகிறது. இங்கே கருவியின் சொந்தக்காரரும் நுரையீரலின் சொந்தக்காரரும் ஒரே ஆள்.

இதே மோட்டார் கம்பாத்துக்கும் போனது. என்ன போகவில்லை என்பதுதான் கேள்வி. எமரிச் சக்கரம் மலிவானது, தண்ணீர் இல்லாமலும் ஓடும், வேகாது. ஆகவே தண்ணீர் வரவில்லை. வில்லால் மெதுவாகச் சுற்றிய காலத்துத் தூசு வேறு, மின்சாரத்தில் சீறிச் சுழலும் சக்கரத்தின் தூசு வேறு. அகேட் என்பது கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கும். அதை விழுங்க வரும் உயிரணு தானே சாகும். அந்த இடம் வடுவாகும். வேலையை விட்ட பிறகும் வடு வளரும். சிலிக்கோசிஸுக்கு மருந்து கிடையாது. காசநோய் என்று சீட்டெழுதி அனுப்பிவிடுவது எங்கும் நடக்கிறது. காசநோயும் இதன் முதுகிலேறி வரும் என்பதால் பொய்யென்றும் சொல்லிவிட முடியாது. கம்பாத்தை அடுத்த ஷக்கர்பூரில் வீடுதான் பட்டறை. சக்கரம் ஓடும் முற்றத்தில்தான் குழந்தை தூங்குகிறது.

வீடு பட்டறையானால் சட்டம் வாசலோடு நின்றுவிடும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் சிலிக்கோசிஸ் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலை என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் மின்சாரத்தோடு பத்துப் பேர், இல்லாமல் இருபது பேர் வேண்டியிருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் இதை இருபது, நாற்பது என்று உயர்த்தியது. முற்றத்தில் சாணை பிடிக்கும் கணவனும் மனைவியும் எந்தக் கணக்கில் வருவார்கள்? மணி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. சக்கரம், மின்சாரம் பல இடங்களில் அவர்கள் செலவு. 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் மாறா மூலதனத்தில் செய்யும் சிக்கனம் பற்றி எழுதிய அத்தியாயம் ஆலைகளையும் சுரங்கங்களையும் பற்றியது. இங்கே வியாபாரி அந்தச் சிக்கனத்தைக்கூட மெனக்கெட்டுச் செய்ய வேண்டியதில்லை. தொழிலாளியே, தன் சொந்த எந்திரத்தில், தன் நெஞ்சைக் கொடுத்துச் செய்துவிடுகிறார். நம் தோழர்களில் சிலர் இன்னமும் சொந்தக் கருவி என்றால் விடுதலை என்று பேசுகிறார்கள்.

ஆலையிலிருந்தால் மட்டும் என்ன ஆகிவிட்டது என்றும் கேட்கலாம். கோத்ராவின் குவார்ட்ஸ் அரைவை ஆலைகளில் வேலைபார்த்து ஊர் திரும்பிச் செத்துப்போன மத்தியப்பிரதேசப் பழங்குடிகள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு மூன்று லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது 2016-இல்தான்.

அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் கம்பாத்தின் அகேட் தொழிலாளர்களிடையே ஆய்வுகள் நடத்தியது, தூசை உறிஞ்சும் அமைப்பு ஒன்றையும் வடிவமைத்துக் கொடுத்தது. கோவை நண்பரிடம் இதைச் சொன்னபோது முதலில் அவர் கேட்டது அந்த மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று. பிறகு கொஞ்சம் யோசித்து, "அது ஓடற கரண்டு பில்ல யாருங்க கட்டறது?" என்றார்.