கமென்ட் போட்டா கிரிப்டோ கிடைக்குமா? ரெடிட் 'மூன்ஸ்' கதையும் நம்ம ஊர் வரிக் கணக்கும்

"போஸ்ட் போடுங்க, கமென்ட் பண்ணுங்க, காயின் சம்பாதிங்க" என்ற அழைப்பு உங்கள் டெலிகிராமுக்கும் வந்திருக்கலாம். எல்லாமே மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. நிஜமாகவே காசு கொடுத்த தளங்கள் உண்டு. அந்தக் காசின் மதிப்பு யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

மூன்ஸ் எப்படிக் கிடைத்தது?

2020 மே மாதம் ரெடிட் நிறுவனம், தன் தளத்தில் கிரிப்டோ பற்றிப் பேசும் குழுவில் 'மூன்ஸ்' என்ற டோக்கனை அறிமுகம் செய்தது. நீங்கள் எழுதும் பதிவுக்கும் கமென்ட்டுக்கும் மற்றவர்கள் போடும் ஓட்டு, 'கர்மா' என்ற மதிப்பெண்ணாகச் சேரும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்குப்படி டோக்கன் பிரித்துக் கொடுக்கப்படும். அது ரெடிட் ஆப்பிலேயே இருந்த வாலட்டில் வந்து விழும். குழுவின் விதிகளை மாற்றும் வாக்கெடுப்பிலும் மூன்ஸ் வைத்திருப்பவர்களின் ஓட்டுக்கு எடை அதிகம்.

காசு என்றானதும் பேச்சின் தரமும் மாறியது. மூன்ஸுக்காகவே ஒப்புக்குக் கமென்ட் போடுகிறவர்கள் பெருகினார்கள். அதற்கு 'மூன் ஃபார்மிங்' என்று பெயரே வந்துவிட்டது. (ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் 'குட் மார்னிங்' போட்டால் சம்பளம் என்று அறிவித்தால் என்ன நடக்குமோ, அதேதான்!)

2023-இல் பெரிய எக்ஸ்சேஞ்ச்களிலும் மூன்ஸ் பட்டியலானது, விலை ஏறியது. அதே ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி, இந்தத் திட்டத்தையே நிறுத்தப் போவதாக ரெடிட் அறிவித்தது. நடத்துவதற்கு ஆகும் உழைப்பும் சட்டச் சூழலும் காரணமாகச் சொல்லப்பட்டன. விலை மளமளவென்று 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. பிளாக்செயினில் டோக்கன் பத்திரமாகத்தான் இருந்தது. அதற்கு மதிப்பு கொடுத்த திட்டம்தான் போய்விட்டது.

இது முதல் முறையும் இல்லை. 2016-இல் தொடங்கிய 'ஸ்டீமிட்' தளமும் பதிவுகளுக்குக் காயின் கொடுத்தது. அங்கே காயின் அதிகம் வைத்திருப்பவரின் ஓட்டுக்கே மதிப்பு அதிகம். சந்தை விழுந்த 2018 நவம்பரில், அந்த நிறுவனம் சுமார் 70 சதவீத ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது.

இந்தியாவில் வரி எப்படி?

சம்பளக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோவை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். அதே ஆண்டு ஜூலை முதல் விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. ஒரு காயினில் 40,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 40,000 நஷ்டம் என்றால் கையில் மிச்சம் எதுவும் இருக்காது. ஆனாலும் செஸ்ஸோடு 12,480 ரூபாய் வரி கட்ட வேண்டும்.

வெகுமதியாக வந்த டோக்கன் இன்னும் சிக்கல். கைக்கு வந்த நாளின் சந்தை மதிப்பையே வருமானமாகக் காட்டச் சொல்கிறார்கள் ஆடிட்டர்கள் பலர். அப்படிப் பார்த்தால், 50,000 ரூபாய் மதிப்பில் வந்த டோக்கன் 8,000-க்குச் சரிந்து, நீங்களும் அந்த விலைக்கே விற்றாலும், 50,000-க்கு உங்கள் ஸ்லாப்படி வரி உண்டு. நஷ்டமான 42,000-ஐச் சம்பளத்திலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. அதனால் டோக்கன் வந்த தேதி, அன்றைய விலை இரண்டையும் அப்போதே குறித்து வையுங்கள். மார்ச் முடிந்தபின் பழைய வாலட்டைத் தோண்டி எடுப்பது பெரிய தலைவலி.