வணிகப் படிப்பின் வாசலில் நாம்: இரட்டைமலையார் முதல் இன்றைய பி.பி.ஏ. வரை

போன ஜூன் மாதம் ஒரு மாணவி போன் செய்தார். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் பிரிவு எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியவர். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். பக்கத்து ஊர் தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. சேர விண்ணப்பித்திருந்தார்.

"அக்கா, இன்னிக்குள்ள இருபதாயிரம் கட்டினாத்தான் சீட்டாம். ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தந்துடுவாங்களாம். அம்மா கம்மல அடகு வைக்கப் போயிருக்காங்க."

கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்வதற்குள் பணம் கட்டியாகிவிட்டது. அதன் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. நம் பிள்ளைகளில் மருத்துவம், பொறியியல் பற்றிக் கனவு காண்பவர்களைவிட பி.காம்., பி.பி.ஏ. சேர்பவர்களே அதிகம். ஆனால் நாம் போராடுவதும் எழுதுவதும் பெரும்பாலும் நீட் பற்றியும் ஐ.ஐ.டி. பற்றியும்தான். வணிகப் படிப்பின் வாசலில் யார் நிற்கிறார்கள், யார் உள்ளே போகிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு யாருடைய சொத்து?

கணக்கும் வியாபாரமும் இந்த நாட்டில் சாதியின் சொத்தாக இருந்தவை. பேரேடு எழுதும் முறை, வட்டிக் கணக்கு, உண்டியல் பரிமாற்றம் எல்லாம் அப்பனிடமிருந்து மகனுக்கு, கடையிலேயே கற்றுத்தரப்பட்டன. கடைக்குள் நுழையவே உரிமை இல்லாதவருக்குக் கணக்கை யார் சொல்லித் தருவார்கள்? இதே தொழிலறிவு ஆங்கிலேயர் காலத்தில்தான் பள்ளிக்கூடப் பாடமாக மாறத் தொடங்கியது. 1886இல் பச்சையப்பன் அறக்கட்டளையினர் சென்னையில் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினார்கள். இந்தியாவில் வணிகக் கல்வியின் தொடக்கம் என்று பாடநூல்கள் இதைத்தான் குறிப்பிடுகின்றன. பாடமாக மாறிவிட்டால் யாரும் கற்கலாம் என்பது கொள்கை. நடந்தது வேறு.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதினார். அதில் தான் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்கிறார். ஏறக்குறைய நானூறு மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். யாராவது ஊரையும் சாதியையும் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் யாரோடும் சேர்ந்து விளையாடாமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். அப்படிப் படித்தவர் பிறகு நீலகிரியில் ஐரோப்பியர்களின் வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை செய்தார்.

1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவராகவும், வட்டமேசை மாநாட்டில் பேசியவராகவும்தான் அவரை நமக்குத் தெரியும். அவர் ஒரு கணக்கர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நம் முதல் தலைமுறைத் தலைவர்களில் ஒருவர் பிழைத்தது கணக்குப் புத்தகத்தை வைத்துத்தான்.

தண்ணீர்ப் பானையும் பங்குச் சந்தையும்

அடுத்தது பம்பாய். 1913இல் அங்கே சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் வணிகவியல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1918 நவம்பரில் அந்தக் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார் அண்ணல் அம்பேத்கர். தற்காலிகப் பணி. மாதச் சம்பளம் 450 ரூபாய். அப்போதே அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, லண்டனில் படிப்பைப் பாதியில் விட்டு வந்திருந்தார்.

தொடக்கத்தில் மாணவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. போகப்போக மற்ற கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்து கேட்கும் அளவுக்கு அவருடைய வகுப்புகள் பேசப்பட்டன. ஆனால் ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர் நடத்திய பாடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர் தொட்ட தண்ணீர் மட்டும் ஆகவில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றை நம் இளைஞர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பங்குகளில் முதலீடு செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தை அம்பேத்கர் பம்பாயில் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. வணிகம் சொல்லித்தர அவருக்கு இடம் கிடைத்தது, வணிகம் செய்ய இடம் கிடைக்கவில்லை. பட்டம் மட்டும் சந்தையைத் திறந்துவிடாது என்பதை அவரைவிட யாரும் நேரடியாக அனுபவித்திருக்க முடியாது.

1920 மார்ச்சில் அந்த வேலையை விட்டார். மிச்சம் பிடித்த பணத்தோடும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும் மறுபடி லண்டன் போனார். 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய ஆய்வு நூலாக வந்தது.

பிறகு அவர் செய்தவை இந்த அனுபவத்திலிருந்து வந்தவை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கென்று அரசு நிதியிலிருந்து ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கவைத்தார். 1944இல் தொடங்கிய அந்த உதவித்தொகைதான் இன்று நாம் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று சொல்லும் திட்டத்தின் வேர். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அந்தக் கழகம் 1946இல் சித்தார்த் கல்லூரியையும், 1953இல் சித்தார்த் வணிகவியல், பொருளாதாரக் கல்லூரியையும் நிறுவியது. சட்டக் கல்லூரி மட்டுமல்ல, வணிகக் கல்லூரியும் நமக்கு வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

இட ஒதுக்கீடு ஒரு பக்கம், இடங்கள் இன்னொரு பக்கம்

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி 14 இடங்களில் 2 இடங்கள் நமக்கு இருந்தன. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. போராட்டங்களுக்குப் பிறகு அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15(4) பிறந்தது. தமிழ்நாட்டில் 1971இல் நம் ஒதுக்கீடு 16 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. 1990இல் பழங்குடியினருக்குத் தனியாக 1 விழுக்காடு வந்தது. 2009இல் 18க்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது.

விழுக்காடு ஏறியது. ஆனால் எதில் 18 விழுக்காடு? அரசு இடங்களில். இதே காலத்தில் வணிகப் படிப்பு அரசின் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. 1980களில் தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் வந்தன. 1990களுக்குப் பிறகு கலைக் கல்லூரிகளில் புதிதாக வந்த படிப்புகள் பெரும்பாலும் சுயநிதிப் படிப்புகளே. அரசு உதவி பெறும் ஒரு கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள். பழைய பி.காம். காலை ஷிப்டில், உதவி பெறும் பிரிவில், குறைந்த கட்டணத்தில் இருக்கும். பி.பி.ஏ., பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் போன்றவை மாலை ஷிப்டில், சுயநிதிப் பிரிவில், பல மடங்கு கட்டணத்தில் இருக்கும். கட்டடமும் கரும்பலகையும் ஒன்றுதான், ரசீது மட்டும் வேறு.

நீதிமன்றத்திலும் இதே போக்குதான். 2005இல் இனாம்தார் வழக்கில், அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள் மீது இட ஒதுக்கீட்டை அரசு திணிக்க முடியாது என்று ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அதை மாற்றத்தான் 2006 ஜனவரியில் 93ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 15(5) சேர்ந்தது. தமிழ்நாடு அதே ஆண்டில் தனியார் கல்வி நிறுவனங்களுக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. ஒன்றிய அரசு அப்படி ஒரு சட்டத்தைத் தனியாருக்கென்று கொண்டுவரவே இல்லை. நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுயநிதி பி.பி.ஏ. வகுப்பிலும் பட்டியல் சாதி மாணவர் எத்தனை பேர் என்று யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? கல்லூரி வாசலில் அந்தக் கணக்கு ஒட்டப்பட்டிருப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.

இரண்டு ரூபாய் வாசல், இரண்டாயிரம் ரூபாய் வாசல்

அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம்., பி.பி.ஏ. சேர இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு 50 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய் என்று சில ஆண்டுகளாக இருந்துவருகிறது. நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான்.

இன்னொரு வாசலையும் பாருங்கள். இந்தூரில் உள்ள ஐ.ஐ.எம். 2011இல் ஓர் ஐந்தாண்டுப் படிப்பைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேரலாம், முடிக்கும்போது மேலாண்மையில் முதுநிலைப் பட்டம். மத்திய அரசு நிறுவனம் என்பதால் பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 விழுக்காடு உண்டு. ஆனால் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில். பயிற்சி மையங்கள் நகரங்களில். தேர்வு விண்ணப்பத்துக்கே நம் மாணவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. ஆண்டுக் கட்டணம் லட்சக்கணக்கில். இடம் இருக்கிறது என்று சட்டம் சொல்கிறது. அந்த இடம் இருப்பதே நம் சேரிப் பள்ளிக்கூடங்களில் யாருக்கும் தெரியாது.

உதவித்தொகையின் கணக்கையும் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெற, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2013இல் வைத்த இந்த வரம்பு 2021இன் புதிய விதிமுறைகளிலும் அப்படியே இருந்தது. 2019இல் முன்னேறிய சாதியினரில் ஏழைகள் என்று 10 விழுக்காடு கொடுத்தபோது, ஏழை என்பதற்கு வைத்த வரம்பு 8 லட்சம். ஒரே நாட்டில் அவர்களுக்கு ஒரு வறுமை, நமக்கு ஒரு வறுமை.

தமிழ்நாடு அரசு 2012இல் வெளியிட்ட அரசாணை 92 மிக முக்கியமானது. சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவ மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது அந்த ஆணை. எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி வந்தது அதனால்தான். பிறகு மெல்ல மெல்லக் கதவு சாத்தப்பட்டது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை இல்லை என்று 2018இல் ஒன்றிய அரசின் விதிமுறை வந்தது.

உதவித்தொகை கிடைத்தாலும் அடங்காத செலவுகள் இருக்கின்றன. பி.பி.ஏ. என்றால் பிளேசர், டை, ஷூ. ஐ.வி. என்ற பெயரில் வெளியூர்ப் பயணம். பேருந்துக் கட்டணம். பிரசன்டேஷன் செய்ய லேப்டாப். ஐ.வி.க்குப் போகாத பிள்ளைகள் யார் என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மாணவர்களின் சமூகப் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேறு புள்ளிவிவரம் தேவையில்லை.

படித்து முடித்த பிறகு

2012இல் ஓர் ஆய்வு இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை எடுத்துப் பார்த்தது. 90 விழுக்காட்டுக்கு மேல் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 விழுக்காடு. அம்பேத்கர் தன் ஆலோசனை நிறுவனத்தை மூடி ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த கணக்கு இது. அதனால் வணிகப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாறாக, பணம் எப்படிச் சுழல்கிறது, கடன் யாருக்குக் கிடைக்கிறது, நிறுவனம் எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்த ஆயிரம் பேர் நமக்குள் வேண்டும். அந்த இடத்தைக் கடன்பட்டு வாங்கும் நிலைதான் மாற வேண்டும்.

அந்த மாணவிக்கு என்ன ஆனது?

அவருடைய சேர்க்கைப் படிவத்தை வாங்கிப் பார்த்தோம். ஒரு கட்டத்தில் 'நிர்வாக ஒதுக்கீடு' என்று குறித்திருந்தார்கள். அவருக்கோ அவர் அப்பாவுக்கோ அது என்னவென்று தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதாவது, வரும் என்று அவர்கள் நம்பவைத்த ஸ்காலர்ஷிப் வரவே வராது.

அரசுக் கல்லூரியின் இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் அவருக்கு பி.காம். கிடைத்தது. தனியார் கல்லூரி மாற்றுச் சான்றிதழைத் தர மறுத்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது, விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு, எழுத்துபூர்வமாகக் கடிதம் கொடுத்தோம். சான்றிதழ் வந்தது. 20,000இல் 16,000 திரும்பி வந்தது. 4,000 ரூபாயும் அடகுக் கடை வட்டியும் போனது போனதுதான்.

சேர்க்கைக் காலத்தில் நம் தோழர்கள் செய்ய வேண்டியது இதுதான். கையெழுத்துக்கு முன் எந்த ஒதுக்கீட்டில் இடம் தருகிறார்கள் என்று கேளுங்கள், அந்தக் கட்டத்தைக் கண்ணால் பாருங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் மே மாதத்திலேயே தயாராக வையுங்கள். முதலில் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் இந்த வேலையை எடுத்துக்கொண்டால் போதும், பத்துக் கம்மல்கள் அடகுக் கடைக்குப் போகாது.

அந்த மாணவி இப்போது காலையில் கல்லூரிக்குப் போகிறார். மாலையில் எங்கள் படிப்பகத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். இந்த ஜூனில் சேர்க்கை உதவி மேசையில் உட்காரப்போவதும் அவர்தான்.

ஜெய்பீம்.