ஹம்ஸாவின் மகள் யார் வீட்டில் வளர்வது?

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, துல்கஅதா மாதம். முந்தைய ஆண்டு ஹுதைபிய்யாவில் எழுதிக்கொண்ட உடன்படிக்கையின்படி நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் உம்ராவுக்காக மக்காவில் மூன்று நாட்கள் தங்கியிருந்தார்கள். தவணை முடிந்து நகரை விட்டுப் புறப்படும் நேரத்தில், சாச்சா, சாச்சா என்று கூவிக்கொண்டு ஒரு சிறுமி பின்னால் ஓடி வந்தாள். உஹதுப் போரில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் அவள். பெயர் உமாமா என்று சிலரும் உமாரா என்று சிலரும் எழுதியுள்ளனர். தந்தையை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அலீ (ரலி) அவர்கள் அவளது கையைப் பிடித்து அழைத்து வந்து, தம் துணைவியார் ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அதன் பின்னர்தான் வழக்கு எழுந்தது. அலீ (ரலி), அவள் தம் சிறிய தந்தையின் மகள் என்றும் அவளை அழைத்து வந்தவர் தாமே என்றும் உரிமை கோரினார்கள். ஜஃபர் (ரலி), அவள் தமக்கும் சிறிய தந்தையின் மகளே. மேலும் அவளுடைய தாயின் சகோதரி தம் வீட்டில் மனைவியாக இருக்கிறார் என்றார்கள். ஸைத் பின் ஹாரிஸா (ரலி), மதீனாவில் தமக்கும் ஹம்ஸாவுக்கும் ஏற்படுத்தப்பட்ட சகோதரப் பிணைப்பைச் சொல்லி, அவள் தம் சகோதரரின் மகள் என்றார்கள்.

பெண் மகவை உயிரோடு புதைத்த ஒரு சமூகத்தில், தந்தையற்ற ஒரு சிறுமிக்காக மூன்று பெருமக்கள் வழக்காடினர் என்று நம் மேடைகளில் இந்நிகழ்ச்சியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது உண்மைதான். ஆயினும் புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியில் என்னை நிற்க வைப்பது வழக்கன்று; தீர்ப்பின் காரணம். மூவரில் அலீ (ரலி) அவர்களின் வீடு நபிமகளின் வீடு. குழந்தையின் கையை முதலில் பிடித்தவரும் அவர்களே. தகுதியையும் முந்துரிமையையும் மட்டும் எடைபோட்டிருந்தால் தராசு அங்கேதான் சாய்ந்திருக்கும். நபி (ஸல்) அவர்களோ, தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று காரணம் கூறி, சிறுமியை அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) இருந்த வீட்டுக்கு, அதாவது ஜஃபரின் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மூவருக்கும் தனித்தனியே மனம் நிறையும்படி ஒரு சொல் சொன்னார்கள். ஏமாற்றமடைந்தவர்களும் அக்குழந்தையின் உறவினர்களாகவே நீடிக்க வேண்டும் அல்லவா?

அவ்வீடு எப்படிப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அபிசீனியாவில் நீண்ட காலம் அகதிகளாக வாழ்ந்துவிட்டு, கைபர் வெற்றியின் சமயத்தில், சில மாதங்களுக்கு முன்னர்தான் அக்குடும்பம் மதீனா வந்து சேர்ந்திருந்தது. வசதியான வீடு அன்று. ஆனால் அங்கே தாயின் முகச்சாயல் கொண்ட ஒரு பெண் இருந்தார். கூடி விளையாட அப்துல்லாஹ், முஹம்மத், அவ்ன் என்ற பிள்ளைகள் இருந்தனர்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களை அறிந்தவர்களுக்கு இத்தீர்ப்பு சட்டென்று விளங்கும். அங்கே வீடு மகளுக்கு உரியது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருகிறார். தந்தை மறைந்தால் குழந்தை வீடு மாறுவதில்லை. உம்மம்மாவும் பெரியம்மாவும் சாச்சியும் இருக்கும் அதே கூரையின் கீழ், அதே பாயில் உறங்குகிறது. மகளுக்கு வீடு கொடுத்தே தீர வேண்டும் என்னும் வழக்கம் பெற்றோரின் முதுகில் ஏற்றியிருக்கும் சுமையை நான் மறக்கவில்லை. அது வேறொரு நாளுக்கான பேச்சு.

தீர்ப்பளித்தவர் இத்துயரைத் தம் வாழ்விலேயே அறிந்தவர். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். பாலகப் பருவத்தைப் பாலைவனத்தில் ஹலீமாவின் குடும்பத்தில் கழித்தார்கள். ஆறு வயதில், மதீனாவிலிருந்து திரும்பும் வழியில், அப்வாவில் அன்னை ஆமினா மறைந்தார். எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் மறைய, பெரிய குடும்பமும் சிறிய வருவாயும் கொண்ட அபூதாலிபின் வீடு அடைக்கலமாயிற்று. எட்டு ஆண்டுகளுக்குள் எத்தனை கைமாற்றங்கள்! இன்று ஒரு குழந்தை இவ்வாறு வீடு விட்டு வீடு மாறினால் அதன் எதிர்காலத்தை எண்ணி நாம் அஞ்சுவோம்.

ஆனால் இம்மாற்றங்களுக்கிடையே மாறாத ஒருவர் இருந்தார். பரகா என்ற இயற்பெயர் கொண்ட உம்மு அய்மன் (ரலி), ஆமினாவின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த அபிசீனியப் பெண். அப்வாவில் தாயை அடக்கம் செய்தபின் ஆறு வயதுச் சிறுவரை மக்காவுக்கு அழைத்து வந்தவர் அவர்தான். பின்னாளில் நபி (ஸல்) அவர்கள் அவரைத் தம் தாய்க்குப் பின் தாய் என்று குறிப்பிட்டதாக அறிவிப்பு உண்டு. அபூதாலிபின் துணைவியார் ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்களும் அவ்வாறே ஒரு தாயாக விளங்கினார்கள். சீறா நூல்களில் அபூதாலிபின் பாதுகாப்பு பக்கம் பக்கமாகப் பேசப்படுகிறது. அவர் குலத்தின் கவசம், ஐயமில்லை. எனினும் இரவில் விழித்தழும் குழந்தைக்கு வேண்டியது குலத்தின் கவசம் மட்டுமன்று. அந்த இரண்டு பெண்களைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும் என்பது என் ஆவல்.

யத்தீம்களின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கை இறங்கியபோது, மதீனத்து முஸ்லிம்கள் நடுங்கிப் போயினர். தம் பொறுப்பிலிருந்த யத்தீம்களின் உணவைத் தனியாகச் சமைத்துத் தனியாக வைத்தனர். மீந்ததைத் தாம் தொடாமல் அக்குழந்தைக்கே ஒதுக்கினர். அது உண்ணாவிட்டால் கெட்டுப்போகும். பேணுதலின் உச்சம்தான். ஆனால் ஒரே வீட்டில் தனி அடுப்பு, தனித் தட்டு என்று வளரும் குழந்தை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்? இப்பின்னணியில்தான் அல்பகரா அத்தியாயத்தின் 220ஆம் வசனம் அருளப்பட்டது. அவர்களுடைய நலனைச் சீர்படுத்துவதே நன்மை. அவர்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்களே என்பது அதன் கருத்து. கணக்கில் நேர்மை வேண்டும். அந்நேர்மைக்காகக் குழந்தையைத் தனித்து உட்கார வைக்க வேண்டாம்.

அந்தக் கலந்து வாழ்தல் எப்படி இருக்கும் என்பதற்கு உமர் பின் அபீ ஸலமா (ரலி) அறிவிக்கும் செய்தியே சான்று. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் முதல் கணவருக்குப் பிறந்து, நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்தவர் அவர். நம் ஊர்க் கல்யாணங்களில் ஸஹனைச் சுற்றி அமர்வதுபோல் ஒரே தட்டில் உண்ணும்போது, அவருடைய கை தட்டு முழுதும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தன் பக்கத்தில் இருப்பதை எடுக்கவும் நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உணவு ஒழுக்கத்துக்கான ஹதீஸாக இதை மதரஸாவில் மனனம் செய்கிறோம். வளர்ப்புப் பிள்ளையும் ஒரே தட்டில் கை வைத்த வீடு அது என்பது நம் கண்ணில் படுவதில்லை.

குழந்தையை வீட்டோடு கலக்கச் சொன்ன மார்க்கம், அதன் பெயரைக் கலக்க வேண்டாம் என்றது. ஸைத் (ரலி) பல ஆண்டுகள் முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைக்கப்பட்டார். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் வந்தபின் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். இது அன்பைக் குறைத்த சட்டம் என்று எண்ணுவோர் உண்டு. பெயர் மாறியபின் அன்பு குறைந்ததற்கு வரலாற்றில் தடயமே இல்லை. அவர்தம் மகன் உஸாமா (ரலி) நபியவர்களின் மடியில் வளர்ந்தவர். தன்னைப் பெற்றவர் யார் என்ற செய்தி குழந்தையின் உடைமை. வளர்ப்பவர் அதை எடுத்துக்கொள்ள முடியாது என்பதே அவ்வசனத்திலிருந்து நான் புரிந்துகொள்வது.

பிந்தைய நூற்றாண்டுகளில் வக்ஃபுகள் இப்பொறுப்பில் பங்கேற்றன. மம்லூக் காலக் கெய்ரோவில், பள்ளிவாசல்களுடனும் மக்களுக்குக் குடிநீர் வழங்கும் ஸபீல்களுடனும் இணைத்து, யத்தீம்களுக்கான மக்தபுகள் கட்டப்பட்டன. ஆசிரியரின் ஊதியம், சிறுவர்களுக்கான ரொட்டி, ஆடை ஆகியவற்றை வக்ஃபு ஆவணங்களில் எழுதி வைத்தனர். ஆனால் அவை பொதுவாகத் தங்கும் இல்லங்கள் அல்ல. சிறுவன் ஓதிவிட்டு, ரொட்டியுடன் மாலையில் தன் தாயிடம் திரும்பினான்.

பிள்ளைகள் தங்கி வளரும் யத்தீம்கானா நம் பக்கத்தில் பரவியதற்குப் பேரிடர்கள் பெருங்காரணம். 1921ஆம் ஆண்டு மலபார் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது மாப்பிள்ளை ஆண்கள் பலர் கொல்லப்பட்டனர். பலர் சிறையிலும் அந்தமானிலும் அடைக்கப்பட்டனர். ஊர் ஊராகக் குடும்பங்கள் சிதைந்த நிலையில், உறவினரே உணவற்றிருந்தனர். பஞ்சாபிலிருந்து மௌலானா அப்துல் காதிர் கஸூரி முதலியோர் முன்வந்து, 1922இல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் அனாதை இல்லத்தை நிறுவினர். 1943இல் மலபாரில் காலரா சூறையாடியபோது திரூரங்காடியில் மற்றோர் இல்லம் எழுந்தது. கே.எம். மௌலவியும் எம்.கே. ஹாஜியும் அதற்குத் தோள் கொடுத்தவர்கள். அதன் நிர்வாகமே 1968இல் ஒரு கல்லூரியை நிறுவியது. போக்கர் சாஹிப் நினைவு அனாதை இல்லக் கல்லூரி என்று இன்றும் அக்கல்லூரியின் பெயரிலேயே அந்த இல்லம் இருக்கிறது. அந்நாளில் அவ்வில்லங்கள் இல்லாதிருந்தால் எத்தனை பிள்ளைகள் தெருவில் மடிந்திருப்பர் என்று எண்ணவே நடுக்கமாயிருக்கிறது. அவர்களைக் குறைகூற எனக்கு நாவில்லை.

என் கவலை, பேரிடருக்காகக் கட்டியதைப் பேரிடர் இல்லாத காலத்திலும் முதல் வழியாக்கிக்கொண்டது பற்றியது. யத்தீம் என்ற சொல்லுக்கே தந்தையை இழந்த குழந்தை என்றுதான் பொருள். அப்படியானால் தாய் பெரும்பாலும் உயிருடன் இருக்கிறார். அவரிடம் இல்லாதது பணம். நாம் பணத்தை அவரிடம் சேர்ப்பதற்குப் பதிலாக, பிள்ளையைப் பணம் இருக்கும் கட்டடத்தில் சேர்க்கிறோம்.

இதனால் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதை, முற்றிலும் வேறான ஒரு நாட்டின் வரலாறு காட்டியது. ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தது வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுபாதியினர் வழக்கமான இல்லப் பராமரிப்பில் இருந்தனர். குடும்பங்களுக்குச் சென்றவர்களின் அறிவு வளர்ச்சியும் பிறரோடு கொள்ளும் பிணைப்பும் மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் சென்றவர்களிடம் அம்மேம்பாடு கூடுதலாக இருந்தது. இல்லத்தில் உணவும் கட்டிலும் இருந்தன. பணியாளர் முறை மாறி மாறி வந்தனர். இவர் என்னுடையவர் என்று குழந்தை பற்றிக்கொள்ள ஒருவர் இல்லை. நம் யத்தீம்கானாக்கள் அந்த இல்லங்களைப் போன்றவை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளே இங்கு வருகின்றனர். ஆயினும் உம்மு அய்மனைப் போல் மாறாத ஒருவர் வேண்டும் என்ற தேவை பத்து வயதிலும் தீர்ந்துவிடுவதில்லை.

1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, குடும்பத்தை இழந்த குழந்தைக்கான மாற்று வழிகளில் இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பராமரிப்பு நிலையத்தை, தேவைப்பட்டால் என்ற நிபந்தனையுடன் இறுதியில் வைக்கிறது. உலகம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. நம்மிடையேயோ கஃபாலா மாதச் சந்தா என்று சுருங்கிவிட்டது. யத்தீமைப் பொறுப்பேற்பவரும் தாமும் சொர்க்கத்தில் நெருங்கி இருப்போம் என்று நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டிச் சொன்ன ஹதீஸை உண்டியல்களின் மேல் அச்சிடுகிறோம். திருமணமோ மரணமோ, யத்தீம்கானாவுக்கு ஒரு வேளைப் பிரியாணி அனுப்புகிறோம். பிள்ளைகள் வரிசையில் அமர்ந்து உண்டு, நமக்காகத் துஆச் செய்கின்றனர். மதீனத்தார் அஞ்சி ஒதுக்கி வைத்த தனித் தட்டு வேறொரு வடிவில் திரும்பி வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி), தம் கணவருக்கும் தம் மடியில் வளரும் யத்தீம்களுக்கும் செலவிட்டால் ஸதகாவாக நிறைவேறுமா என்று கேட்டனுப்பியபோது, உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியும் என இரண்டு கூலிகள் உண்டு என்று விடை வந்தது. நம் ஜமாஅத்களின் ஜகாத் கணக்கில், கணவரை இழந்த தாய்க்கும், அக்காளின் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட சாச்சிக்கும், பேரனை வளர்க்கும் உம்மம்மாவுக்கும் மாதந்தோறும் ஒரு தொகை என்ற வரி எத்தனை ஊர்களில் இருக்கிறது? ஜமாஅத் பொறுப்பில் உள்ளவர்கள் வரும் ரமளானுக்கு முன் தத்தம் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

ஹம்ஸாவின் மகள் சென்று சேர்ந்த வீட்டுக்கும் விரைவிலேயே துயரம் வந்தது. சுமார் ஆறு மாதங்களில், ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஜமாதுல் அவ்வலில், ஜஃபர் (ரலி) மூத்தா களத்தில் ஷஹீதானார்கள். அவளுக்காக வழக்காடிய ஸைத் (ரலி) அவர்களும் அங்கேயே வீழ்ந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஜஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்பச் சொன்னார்கள். துக்கத்துக்கு மூன்று நாட்கள் விட்டார்கள். பின்னர் அவ்வீட்டுக்கு வந்து, தம் சகோதரரின் பிள்ளைகளை அழைத்து வரும்படி கூறினார்கள். தாங்கள் குஞ்சுகளைப் போல அவர்கள் முன் கொண்டுவரப்பட்டதாகப் பின்னாளில் அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரலி) நினைவுகூர்ந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் நாவிதரை வரவழைத்து, அச்சிறுவர்களின் தலைமுடியை மழிக்கச் செய்தார்கள். கணவரை இழந்த அஸ்மா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைகளின் தலையைச் சீவிப் பேண மனமில்லாதிருந்த நாட்கள் அவை என்று உரையாசிரியர்கள் விளக்கம் எழுதியிருக்கின்றனர்.